கலைவதும் நகர்வதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலாஸ்காவின் தென்கடற்கரையில் வாழும் அலூட்டிக் மக்களைப் பற்றிக் கொஞ்ச நாளாக வாசிக்கிறேன். எரிமலை, நிலநடுக்கம், சுனாமி எல்லாவற்றையும் அறுபது வருடத்துக்குள் பார்த்துவிட்டார்கள். குளிர் வேறு. இவ்வளவுக்கும் பிறகு ஏன் அங்கேயே கிடக்கிறார்கள்? ஆங்கரேஜ் மாதிரி பாதுகாப்பான நகரத்துக்குப் போய்விடலாமே? இது அறியாமையா, பிடிவாதமா? இயற்கையின் சீற்றத்துக்கு முன்னால் மனிதன் ஒன்றுமில்லை என்பதைத்தானே இது காட்டுகிறது? புதிதாகத் தொடங்குபவர் எதை வாசிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அந்தக் கரையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சீற்றம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். பூமியின் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் போகிறது, சிக்குகிறது, ஒருநாள் விடுபடுகிறது. அதற்கு யார்மீதும் கோபம் கிடையாது. அப்புறம், ஆங்கரேஜ். 1964 மார்ச் 27, பெரிய வெள்ளி, மாலை 5.36க்கு 9.2 அளவில் நிலம் நாலரை நிமிடம் ஆடியது. அந்த ஆங்கரேஜில் டர்னகெய்ன் ஹைட்ஸ் என்கிற வசதியான குடியிருப்பின் அடியில் இருந்த களிமண் இளகி, வீடுகளோடு கடல் பக்கம் சரிந்தது. பாதுகாப்பான நகரம் என்று எழுதுவதற்கு முன் இதையாவது பார்த்திருக்கலாம். வாசித்ததாகச் சொல்கிறீர்கள், பாதியில் மூடி வைத்திருக்கிறீர்கள்.

"ஏன் அங்கேயே கிடக்கிறார்கள்" என்ற வரிதான் என்னை உறுத்தியது. அவர்கள் கிடக்கவில்லை. நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

1912 ஜூனில் நோவருப்டா வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய எரிமலை வெடிப்பு அது. கோடியாக் தீவில் கிட்டத்தட்ட மூன்று நாள் இருட்டு, கூரைமேல் சாம்பல். எரிமலைக்கு அருகிலிருந்த கட்மாய், டக்ளஸ் ஊர்க்காரர்களை முதலில் அஃபோக்னாக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு மேனிங் என்ற அரசுக் கப்பல் ஏற்றிக்கொண்டு போக, தென்மேற்கே வெகு தொலைவில் புது ஊர் அமைத்தார்கள். கப்பலின் கேப்டன் பெர்ரி, ஊர் பெர்ரிவில். அகதிகளுக்கு இடம் கொடுத்த அந்த அஃபோக்னாக் 1964ல் தானே இடம் தேட வேண்டியிருந்தது. நிலம் தாழ்ந்து கடல் ஏறிவிட்டது. லயன்ஸ் சங்கத்தார் வீடு கட்ட உதவினார்கள், புது ஊருக்கு போர்ட் லயன்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த இரண்டு இடத்திலும் ஊர் ஊராகவே பெயர்ந்தது. செனீகாவுக்கு அது நடக்கவில்லை. என் மனம் திரும்பத் திரும்பப் போவது அங்கேதான்.

பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடற்கழியில் ஒரு சின்னத் தீவு. எழுபது பேர் அளவிலான கிராமம். அதே 1964ல் நிலம் ஆடத் தொடங்கிய சில நிமிடங்களில் கடல் வந்துவிட்டது. மேட்டிலிருந்த பள்ளிக்கூடமும் ஒரே ஒரு வீடும் மிஞ்சின. தேவாலயம் போய்விட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்தார். மற்றவர்களை கார்டோவாவுக்கும் டாடிட்லெக்குக்கும் கொண்டுபோனார்கள். சிலர் நீங்கள் சொன்ன ஆங்கரேஜுக்கே போனார்கள். அதாவது எஸ்., உங்கள் யோசனையை அவர்கள் செய்து பார்த்தாயிற்று.

இருபது வருடம். செத்தவர்களை யாரோடு உட்கார்ந்து அழுவது? யாருடைய அத்தை, யாருடைய மாமன் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை. 1971ல் அலாஸ்கா பூர்வகுடிகளின் நில உரிமைச் சட்டம் வந்தது. அதை வைத்து நிலம் பெற்று, எவன்ஸ் தீவில் தாங்களே ஓர் இடம் பார்த்து, 1984ல் பழைய பெயரை விடாமல் செனீகா பே என்று மறுபடி ஊர் கட்டினார்கள். இதற்குப் பெயர் அறியாமையா? கலைந்த ஊரை இருபது வருடம் கழித்துச் சேர்த்துக் கட்டிப் பாருங்கள், எவ்வளவு அறிவும் பொறுமையும் வேண்டும் என்று தெரியும்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. 2004 சுனாமிக்கு இரண்டு வருடம் கழித்துத் தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தேன். கரையிலிருந்து தள்ளி கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள், நல்ல வீடு. குலுக்கல் போட்டு ஒதுக்கியிருந்தார்கள். யாருக்கு யார் பக்கத்து வீடு என்று சீட்டு முடிவு செய்தது. மீன் விற்கும் ஒரு அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். "வீட்டுக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. ஆனா ராத்திரி தண்ணி வந்தா நான் யார் கதவைத் தட்டுவேன், என் கதவை யார் தட்டுவா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

உங்கள்மேல் கோபமில்லை. நீங்கள் அக்கறையோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் ஒரு ஊரைத் தலைகளாக எண்ணி, ஆளுக்கொரு பாதுகாப்பான அறை பார்த்துக் கொடுத்தால் போதும் என்ற நினைப்பு அந்த அக்கறைக்குள் ஒளிந்திருக்கிறது. குலுக்கல் போட்ட அதிகாரிக்கும் அக்கறை இருந்தது.

என்ன வாசிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு ஒரு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செனீகா திரும்ப எழுந்து ஐந்தாவது வருடம், 1989 மார்ச் 24, அதுவும் பெரிய வெள்ளி, எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கொட்டியது. அது எவன்ஸ் தீவுக் கரைக்கும் வந்தது. ஊர் கலையவில்லை. பெர்ரிவில், போர்ட் லயன்ஸ், புது செனீகா மூன்றையும் வரைபடத்தில் தேடுங்கள். மூன்றும் கடலை ஒட்டித்தான் இருக்கின்றன.

அன்புடன்.