வாய்க்கால் கரைப் பூச்செடியும் தள்ளாடும் வெள்ளாடுகளும்

கேள்வி: மன்னார்குடிப் பகுதியில் வாய்க்கால் கரையோரமாக வெள்ளாடுகளை மேய்த்து வருகிறேன். கோடை தொடங்கியதிலிருந்து இரண்டு ஆடுகள் மெலிந்து, தலை நடுங்கி, பின்னங்கால்கள் பின்ன நடக்கின்றன. காய்ச்சல் இல்லை, தீனியும் எடுக்கின்றன. கரை நெடுகிலும் ஊதா நிறப் பூச்செடிகள் மண்டியுள்ளன. அவைதாம் காரணமா? எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

பதில்: தாங்கள் கூறும் அறிகுறிகளைப் பார்க்கும்போது நெய்வேலிக் காட்டாமணக்கின் மீதே முதல் ஐயம் எழுகிறது. இதய வடிவ இலையும், புனல் போன்ற வெளிர் ஊதாப் பூவும், ஒடித்தால் பால் வடியும் தண்டும் கொண்ட இச்செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சர்க்கரைவள்ளியின் இனத்தைச் சேர்ந்தது. மேட்டூர் அணை வழக்கமாக மூடப்படும் ஜனவரி 28-க்கும் திறக்கப்படும் ஜூன் 12-க்கும் இடையில் புல் காய்ந்த பின்னும் இது பச்சையாக நிற்பதால், வேறு தழை கிடைக்காத ஆடுகள் இதைக் கடிக்கத் தொடங்குகின்றன. ருசி பழகியபின் தேடிப்போய்த் தின்கின்றன.

செடிக்குள் வாழும் ஒரு பூஞ்சை உண்டாக்கும் ஸ்வைன்சோனைன் என்னும் நஞ்சு, உயிரணுக்களில் சர்க்கரைப் பொருள்களைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. சிதையாத பொருள் நரம்பணுக்களில், குறிப்பாகச் சிறுமூளையில், தேங்குவதால்தான் ஆடு நிலை தடுமாறுகிறது. ஒருநாள் மேய்ச்சலில் இது நேர்வதில்லை. பல வாரங்கள் தொடர்ந்து தின்ற பிறகே வெளிப்படும். ஐயமுள்ள ஆட்டின் முகவாயை மேல்நோக்கி ஒரு நிமிடம் உயர்த்திப் பிடித்து விட்டுப் பாருங்கள்: பாதிக்கப்பட்ட ஆடு கால்களை விறைத்துத் தள்ளாடும், சில நேரம் சாய்ந்தும் விழும். காய்ச்சலோ, ஒரே பக்கமாகச் சுற்றுவதோ தெரிந்தால் அது வேறு நோய். எவ்வாறாயினும் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. இன்றே மேய்ச்சலை நிறுத்தி, கொட்டிலில் கட்டி, அகத்தி, வேலிமசால், காய்ந்த கடலைக்கொடி ஆகியவற்றைக் கொடுத்தால், தொடக்க நிலையிலுள்ள ஆடுகள் தேறிவிடும். நெடுநாள் தின்றவற்றுக்கு நடுக்கம் நிலைத்துவிடக்கூடும். சினை ஆடுகளைக் கண்டிப்பாகப் பிரித்துவிடுங்கள். நஞ்சு கருவையும் பாதிக்கும், பாலிலும் கலக்கும்.

எல்லாச் செடிகளையும் அழிக்கத் தேவையில்லை. கணுவுக்குக் கணு முள்ளும், அதைச் சுற்றி நீல ஊதாப் பூக்களும் உள்ள நீர்முள்ளி கரையிலேயே இருக்கட்டும். இந்தத் தள்ளாட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நெய்வேலிக் காட்டாமணக்கை மட்டும் வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன் வேரோடு தோண்டுங்கள். வெறுமனே வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். ஈரத்தில் விழும் ஒவ்வொரு தண்டுத் துண்டும் கணுவில் வேர்விட்டு அடுத்த வயல்காரருக்கும் போய்ச் சேரும். நெல் தரிசில் பருத்தி போட்டிருப்பவர்கள் அருகில் இருந்தால் 2,4-டி களைக்கொல்லியை நினைக்கவே வேண்டாம். காற்றில் சிறிது பட்டாலும் பருத்தி இலை சுருண்டுவிடும். தோண்டிய செடியின் இலைகளை உருவி, குறுவை நடவுக்கு முன் தழையுரமாக மிதித்துவிடலாம். தண்டுகளை மட்டும் மேட்டில் பரப்பி, ஆடு எட்டாதபடி நன்றாகச் சருகாகும்வரை காயவிடுங்கள்.