ஒளிரும் காயலில் இறங்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். டிசம்பர் கடைசியில் ஜமைக்கா போகிறோம். மான்டேகோ பேக்குப் பக்கத்தில் ஃபால்மவுத் என்ற ஊரில் இரவில் நீலமாக ஒளிரும் காயல் இருக்கிறதாம். படகில் கூட்டிப்போய், தண்ணீரில் இறங்கி நீந்தவும் விடுகிறார்களாம். கணவர் இப்போதே பணம் கட்டத் துடிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. மகளுக்கு 9 வயது, நீச்சல்குளத்தில் நன்றாக நீந்துவாள். கூட வரும் மாமனார் தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர், ஆனால் சர்க்கரை நோய் உண்டு. ஒளிர்வது ஒருவகைப் பாசி, விஷம் என்று எங்கோ படித்தேன். 2019இல் சென்னையில் இருந்தபோது திருவான்மியூரில் அலை நீலமாக மின்னியதைப் பார்த்தோம்; தண்ணீரில் இறங்காதீர்கள் என்று அப்போது சொன்னார்கள். இதுவும் அதுதானா? இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். மகளும் இறங்கலாம். மாமனார் விஷயத்தில்தான் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உங்கள் திருவான்மியூர் நினைவை எடுத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் மின்னியது நாக்டிலூகா. ஃபால்மவுத் காயலில் மின்னுவது பைரோடினியம் பஹாமென்ஸ். இரண்டும் ஒரே செல்லால் ஆன உயிர்கள், டைனோஃபிளாஜெல்லேட் என்ற பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை. பங்காளிகள்தான், ஆனால் குணம் வேறு. நாக்டிலூகா அரை மில்லிமீட்டர், அதற்கு மேலும் வளரும். ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து உற்றுப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே புள்ளி புள்ளியாகத் தெரியும். மற்ற நுண்ணுயிர்களைத் தின்று பிழைப்பது. கடலில் சத்து கூடும்போது திடீரென்று பெருகும், சில நாளில் காணாமல் போகும். உடம்பில் அமோனியாவைச் சேர்த்து வைத்திருப்பதால், அது அடர்ந்து கிடக்கும் தண்ணீர் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். அன்று உங்களைத் தடுத்தவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. அதுவும் இல்லாமல், சென்னை அலையில் ராத்திரி இறங்குவதற்கு நானே சம்மதிக்க மாட்டேன்.

பைரோடினியம் அதைவிட மிகச் சிறியது, ஒன்று சுமார் 0.04 மில்லிமீட்டர். செடியைப் போல வெயிலில் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். பெயருக்குச் ‘சுழலும் நெருப்பு’ என்று பொருள். 1906இல் பஹாமாஸ் தீவுகளில் கண்டதை வைத்து விவரித்ததால் பெயரின் பின்பாதியில் பஹாமாஸ் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வேகமாக உரசினால் அந்தச் செல்லுக்குள் ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. நுண்ணிய பைகளில் அமிலத்தன்மை ஏறுகிறது. லூசிஃபெரின் என்ற பொருளை ஒரு நொதி ஆக்சிஜனோடு சேர்த்துவைக்க, பத்தில் ஒரு விநாடி நீலமாக ஒரு மினுக்கு. சூடு கிடையாது, மின்மினியைப் போல. தன்னைத் தின்ன வரும் குட்டி இறால் போன்ற உயிர்களை அது இப்படி வெருட்டுகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

விஷத்துக்கு வருவோம். நீங்கள் படித்தது பொய்யல்ல. பைரோடினியம் சாக்ஸிடாக்ஸின் என்ற கடுமையான நரம்பு நஞ்சைத் தயாரிக்கக்கூடியது. பசிபிக் பக்கத்தில் இருக்கும் இதன் வகை, பிலிப்பைன்ஸிலும் பப்புவா நியூ கினியிலும் ஆட்களைக் கொன்றிருக்கிறது. 1987இல் குவாத்தமாலாவின் பசிபிக் கரையில் ஒரே சமயத்தில் 26 பேர் இறந்தார்கள். ஃபால்மவுத்தில் இருக்கும் அட்லாண்டிக் வகை சாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். 2002இல் ஃப்ளோரிடாவின் இந்தியன் ரிவர் காயலில் பிடித்த பேத்தை மீனைச் சாப்பிட்டவர்கள் நோயில் விழுந்தபோது அந்த நம்பிக்கையும் போனது.

ஆனால் கவனியுங்கள், இத்தனை பேரும் பாதிக்கப்பட்டது சாப்பிட்டதால், நீந்தியதால் அல்ல. சிப்பியும் மட்டியும் நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டி வடிகட்டி நஞ்சைச் சதையில் சேர்த்து வைக்கின்றன. உங்கள் மகள் தவறி ஒரு வாய் விழுங்கிவிட்டால் அந்த அளவெல்லாம் அதில் இருக்காது. ஃபால்மவுத் காயலுக்கு ஆய்ஸ்டர் பே, அதாவது சிப்பி விரிகுடா, என்று இன்னொரு பெயர் உண்டு. அங்கே பொறுக்கிய சிப்பி என்று யாராவது நீட்டினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது.

சரி, எந்த நாளில் போவது? இதில்தான் பெரும்பாலானவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். ஒளி என்பது மங்கலான சங்கதி. நிலா எழுந்துவிட்டால் தண்ணீர் முழுக்க வெள்ளிப்பூச்சு விழுந்து நீலம் அதில் கரைந்துவிடும். என் முதல் பயணம் வளர்பிறை துவாதசியன்று. படகு ஏற்பாடு செய்தவர்கள் ‘எல்லா நாளும் ஒன்றுதான்’ என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். ஒரு மணி நேரம் சேற்றுத் தண்ணீரில் கையை அளைந்துவிட்டுத் திரும்பினேன். அமாவாசையை ஒட்டிய நாட்கள் உத்தமம், இது உங்களுக்கே தெரியும். தெரியாமல் போவது, பௌர்ணமிக்கு முந்தைய நாலு நாளுக்கும் பிந்தைய நாலு நாளுக்கும் இருக்கும் வித்தியாசம். முந்தைய நாட்களில் அந்தி சாயும்போதே நிலா மேலே நிற்கும். பிந்தைய நாட்களில் அது தினமும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தாமதமாக எழும். சங்கடஹர சதுர்த்திக்கு விரதம் இருப்பவர்களைக் கேளுங்கள், நிலவைப் பார்த்துவிட்டுச் சாப்பிட ராத்திரி எட்டரை, ஒன்பது ஆகிவிடும் என்பார்கள். அந்தச் சதுர்த்தியிலிருந்து, அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை வரை எந்த நாளானாலும் பணம் கட்டலாம். வீட்டில் தினசரி காலண்டர் இருந்தால் அதைப் பார்த்துத் தேதி குறியுங்கள். ஜமைக்காவுக்கும் இந்தியாவுக்கும் அரை நாள் வித்தியாசம் வந்தாலும் இதற்குப் பாதகமில்லை.

டிசம்பர் கடைசியில் அங்கே ஐந்தரை மணிக்குமேல் சூரியன் மறைந்துவிடும், ஏழு மணிக்கு முழு இருட்டு. ஏழுக்கு முன் புறப்படும் படகு வேண்டாம். பைரோடினியத்துக்கு உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, பகல் வெளிச்சத்தில் எவ்வளவு கலக்கினாலும் அது மின்னாது. உங்கள் கண்ணும் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் அந்த இருபது நிமிடம் போச்சு. படம் எடுப்பதற்கும் பெரிதாக ஆசைப்படாதீர்கள். விளம்பரங்களில் வரும் அடர்நீலம், கேமராவை அசையாமல் வைத்துப் பல விநாடி திறந்து எடுத்தது. ஆடும் படகில் அது வராது, ஃப்ளாஷ் போட்டால் தண்ணீர் மட்டும்தான் வரும். கண்ணுக்குத் தெரிவது இன்னும் வெளிறிய, பால் கலந்த நீலம். மகளிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் ஐந்து நிமிடம் ஏமாற்றமாக இருக்கும்.

நிலாவுக்கு அடுத்தது மழை. அந்தக் காயலில் மார்தா பிரே ஆறு வந்து கலக்கிறது. ஆற்று நீர் கொண்டுவரும் சத்தும், ஓரத்து அலையாத்திக் காட்டின் இலைகள் மக்கிக் கொடுக்கும் சத்தும், ஆழமில்லாத, கடலோடு தாராளமாகக் கலந்துவிடாத அமைப்பும் சேர்ந்துதான் இந்த உயிர்கள் ஆண்டு முழுக்க அங்கேயே குடியிருக்கின்றன. சென்னையில் சில நாள் கூத்து, இங்கே நிரந்தரம் என்பதற்குக் காரணம் இந்த அமைப்புதான். 1960களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் செலிகரும் வில்லியம் மெக்கல்ராயும் இங்கே வந்து ஆராய்ந்தார்கள். மெக்கல்ராய் மின்மினியின் ஒளியை ஆராய்ந்து பெயர் பெற்றவர்.

ஆனால் கனமழை பெய்தால் கதை மாறும். நன்னீர் கனம் குறைந்தது. கலங்கலாக மேலே ஒரு போர்வை மாதிரி படர்ந்துவிடும், ஒளி மங்கும். ஒளியைவிட முக்கியமாக, ஆறு அடித்துவரும் கழிவும் அதோடு வரும். எலிக்காய்ச்சல் பரவுவது இப்படிப்பட்ட தண்ணீரில்தான். ஜமைக்காவில் மே, அக்டோபர் மாதங்களில் மழை உச்சம், டிசம்பர் கடைசியில் பொதுவாகக் குறைந்திருக்கும். இருந்தாலும் முந்தைய இரண்டு மூன்று நாட்களில் கொட்டியிருந்தால் நீந்துவதைத் தள்ளிப்போடுங்கள். 2025 அக்டோபரில் மெலிசா புயல் அந்தத் தீவின் மேற்குப் பகுதியைப் புரட்டிப் போட்டது. அதனால் பணம் கட்டும் முன் படகுக்காரர்களிடமே போனில் கேளுங்கள்: இந்த வாரம் ஒளி எப்படி, தண்ணீர் தெளிவா? நல்ல ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள். அதே ஆட்கள் ‘உலகத்திலேயே நாலு இடத்தில்தான் இது உண்டு’ என்றும் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்துப் புவெர்ட்டோ ரிக்கோவில் மட்டுமே இப்படி மூன்று இருக்கின்றன.

தண்ணீரில் இறங்கும் முறைக்கு வருகிறேன். காயல் ஆழமில்லை, பல இடங்களில் பெரியவர்களுக்குக் கழுத்தளவுதான். ஆனால் அடியில் நிற்க நினைக்காதீர்கள். பஞ்சு மாதிரிச் சேறு, கால் புதையும், சிப்பி ஓடு கிழிக்கும். அதனால் நன்றாக நீந்துபவர்களும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மிதப்பதே சரி. மகளுக்கு அளவான ஜாக்கெட் இருக்கிறதா என்று கரையிலேயே மாட்டிப் பாருங்கள். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டிவிடுவது உதவாது, தோள் வழியாக நழுவிவிடும். குளத்தில் நீந்தும் குழந்தைக்கு இருட்டுத் தண்ணீர் வேறு உலகம். இன்ஜினை அணைத்து, புரொப்பெல்லர் நின்ற பிறகு முதலில் அப்பா இறங்கட்டும். அவர் கை எட்டும் தூரத்தில் அவள் ஏணி வழியாக இறங்கட்டும், குதிக்க வேண்டாம். இதில் ஒரு லாபமும் உண்டு. ஒரு செல் முதல் உரசலில்தான் முழு ஒளியையும் கொட்டும், அடுத்தடுத்த உரசல்களில் மங்கிக்கொண்டே போகும். பத்துப் பேர் குதித்துக் கலக்கிய இடத்தைவிட, யாரும் தொடாத தண்ணீரில் மெதுவாகக் கையை விரித்து இழுத்தால் பிரமாதமாக இருக்கும். அசையாமல் மிதந்தால் எல்லாம் அணைந்துவிடும். விரலை மட்டும் ஆட்டினால் விரல் மட்டும் எரியும். மகளை இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

முதலை உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ராத்திரி படுக்கும்போது யோசிப்பீர்கள். ஜமைக்காவின் முதலைகள் பெரும்பாலும் தெற்குக் கரையில், பிளாக் ரிவர் பக்கத்துச் சதுப்பில். வடக்கில் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வழிகாட்டி காட்டும் இடத்தில், நடுக்காயலில், படகை ஒட்டியே இருங்கள். அலையாத்தி வேர்ப்பக்கம் நீந்திப்போக வேண்டாம். கரீபியன் அலையாத்தி ஓரங்களில் தலைகீழாகப் படுத்துக் கிடக்கும் ஒருவகை ஜெல்லி மீன் உண்டு. அதன் அருகே போனாலே தோல் அரிக்கும். இந்தக் காரணத்துக்காகவும் ஓரம் ஆகாது.

கொசு இருக்கும். ஆனால் கொசு மருந்தும் சன்ஸ்கிரீனும் பூசிய உடம்போடு இறங்காதீர்கள், பைரோடினியத்துக்கு அவை ஆகாது. புவெர்ட்டோ ரிக்கோவின் வியெக்கெஸ் தீவில் இருக்கும் மாஸ்கிட்டோ பே, இப்படி ஒளிரும் காயல்களில் மிகப் பிரகாசமானது என்று பேரெடுத்தது. அங்கே 2007 முதல் நீந்தத் தடை. எனக்குக் கேட்டால் சரியான தடைதான். ஃபால்மவுத்தில் இன்னும் அனுமதிக்கிறார்கள் என்பதால் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. ஹோட்டலிலேயே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, முழுக்கை நீச்சலாடை அணிந்து போங்கள். கொசுவுக்கும் அதுவே காப்பு. ஏறிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு மருந்து பூசிக்கொள்ளலாம். துண்டும் மாற்றுடையும் கையிலேயே இருக்கட்டும், டிசம்பர் ராத்திரியில் ஈரத்தோடு படகுக்காற்று பட்டால் குளிரும்.

இனி மாமனார். கேள்வி ஒன்றுதான்: அவர் காலில் புண், வெடிப்பு, நகச்சுத்தி ஏதாவது இருக்கிறதா? வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா இயல்பாகவே இருக்கும். நல்ல உடம்புக்காரர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்குச் சிறு கீறல் வழியாக ஏறினால் ஒரே நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் இருப்பதே அவருக்குத் தெரியாது. அதனால் அவரைக் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், அன்று மாலை நீங்களோ கணவரோ அவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். சுத்தமாக இருந்தால், ரப்பர் நீச்சல் செருப்புப் போட்டு, சாப்பாட்டையும் மருந்தையும் நேரத்துக்கு முடித்துக்கொண்டு, பத்து நிமிடம் இறங்கட்டும். மறுநாள் எங்காவது சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும், காயலில் இறங்கியதைச் சொல்லவும் வேண்டும்.

ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அவர் படகிலேயே இருக்கட்டும். தாமிரபரணிக்காரர் முறுக்கிக்கொள்வார். படகின் பின்பக்கத்து ஓர இருக்கையை அவருக்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். படகு ஓடும்போது வெருண்டு விலகும் மீன் ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் நீலக் கோடு இழுத்துக்கொண்டு ஓடும். நீந்துபவர்களுக்கு அது தெரியாது, மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும்.