வேண்டாம் என்று சொன்னவர்கள்

வணக்கம் ஐயா,

பாலக்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் விவாதத் துண்டுகள் சிலவற்றை வகுப்பில் போட்டுக் காட்டினேன். 2024 ஜூனில் பைடனும் டிரம்பும் பேசியது, பழைய கென்னடி - நிக்சன் விவாதம் எல்லாம். பிள்ளைகள் “யார் மிஸ் ஜெயிச்சது?” என்று மட்டும்தான் கேட்டார்கள். வயது, படிப்பு, குடும்பம், பேச்சு, இவற்றில் எதை வைத்து ஒரு வேட்பாளரை எடைபோடுவது? ஊடகங்கள் எதைக் கேட்க வேண்டும்? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வம்பு வேண்டாம் என்று “ரெண்டு பேருமே நல்லவங்கதான்” என்று முடித்துவிட்டேன். நமக்கு ஓட்டே இல்லாத தேர்தலுக்கு எதற்கு இந்த வேலை என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர்.

இ., பாலக்கோடு

அன்புள்ள இ.,

போர்ஷன் முடிக்கவே நேரம் போதாத பள்ளிக்கூடத்தில் உலகத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். உங்கள் சக ஆசிரியரின் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஓட்டு இருக்கிற ஊரைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டுமென்றால் வரலாற்றுப் பாடத்தையே மூடிவிடலாம்.

ஆனால் “ரெண்டு பேருமே நல்லவங்கதான்” என்றீர்களே, அது தவறு. அதற்கு நடுநிலை என்று பேர் வைக்காதீர்கள். படிக்காமல் வகுப்புக்குப் போனதை மறைக்கச் சொன்ன வார்த்தை அது. பிள்ளைகள் உங்களை நம்பிக் கேட்டார்கள். தெரியவில்லை, தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

வயது, படிப்பு, குடும்பம் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேச்சைப் பற்றிச் சொல்கிறேன். 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் நடந்த விவாதத்தை ஏறத்தாழ 7 கோடிப் பேர் பார்த்தார்கள். நிக்சன் முழங்கால் நோய்த்தொற்றால் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவர். முகம் வெளிறி, வியர்த்திருந்தது. கென்னடி பளிச்சென்று இருந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வியர்வைக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பளிச்சென்று இருந்த அந்த மனிதருக்குத்தான் அட்ரீனல் சுரப்பியைச் சிதைக்கும் அடிசன் நோய் இருந்தது. அவர் தரப்பு அதை மறுத்தது. வியர்வையைக் கவனித்தவர்கள் அதைத் தோண்டிப் பார்க்கவில்லை.

கென்னடி எப்படிப்பட்ட அதிபர் என்பது 1961 ஏப்ரலில், கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் தெரிந்தது. காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்க அமெரிக்கா ஏவிய படையெடுப்பு அது. வேண்டாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் முகத்துக்கு நேரே சொன்னார். ஆலோசகர் ஷ்லெசிங்கர் எழுதியே கொடுத்தார். கென்னடி கேட்கவில்லை. படையெடுத்துப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து நெருக்கடி வந்தபோது, தான் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று சில ஆலோசனைக் கூட்டங்களுக்கு அவர் போகவே இல்லை. தளபதிகள் குண்டு வீசச் சொன்னார்கள். அவர் கடலில் கப்பல்களை மறிப்பதோடு நின்றார். உலகம் பிழைத்தது. மறுத்துப் பேச இடம் கொடுக்கும் இந்தக் குணத்தை எந்த விவாத மேடையில் பார்ப்பீர்கள்?

என் பெரியப்பா 1986இல் பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊர் பிரசிடெண்டாக இருந்தார். அவர் திண்ணையில் ஆடு மேய்க்கிற ஒரு கிழவர் தினமும் வந்து உட்காருவார். எதைச் சொன்னாலும் குறுக்கே பேசுவார். ஒரு கொட்டாய்க்கு, அதாவது ஊரை ஒட்டிய சிறு குடியிருப்புக்கு, போர்வெல் போட்டுத் தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. மேல்நிலைத் தொட்டிக்குக் குழாய் இழுக்க வேண்டியதுதான் பாக்கி. ஊரே சந்தோஷத்தில் இருந்தபோது கிழவர் சொன்னார்: “ஏம்பா பிரசிடெண்டு, அதுக்குப் பக்கத்து போர்த் தண்ணி குடிக்கிற பிள்ளைங்க பல்லப் பாத்தியா? பூராக் காவி. இந்தத் தண்ணி வேணாம்.” பெரியப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. பல நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் திண்ணைக்கு வராதே என்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு பாட்டில் தண்ணீரைத் தர்மபுரிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி இருந்தது. அந்த போரை அவர் தொட்டியோடு இணைக்கவில்லை. கொட்டாய் ஜனங்கள் அவரை மன்னிக்கவே இல்லை. 1996இல் தோற்றார். பிரசாரத்தில் எதிர்த்தரப்பின் ஜீப்பையும் மைக் பேச்சையும் பற்றித்தான் ஊர் பேசியது. நம் மாவட்டத்தில் பல் காவியேறி, முதுகு வளைந்துபோனவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழவர்தான் நினைவுக்கு வருகிறார்.

கோத்தபய ராஜபக்சவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் 52 சதவீதத்துக்கு மேல் வாங்கி இலங்கை அதிபரானார். காரியத்தை முடிப்பவர் என்று தென்னிலங்கை ஊடகங்கள் கொண்டாடின. இயற்கை விவசாயத்துக்குப் பத்து ஆண்டுகளில் மாறலாம் என்றது அவருடைய தேர்தல் அறிக்கை. 2021இல் ஒரே போடாக ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார். வேளாண் விஞ்ஞானிகள் வேண்டாம் என்று கத்தினார்கள். கேட்க ஆளில்லை. பெரும்போக நெல் விழுந்தது, தேயிலை விழுந்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலம் கடந்திருந்தது. ராயக்கோட்டையில் தக்காளி போடுகிற யாரிடம் கேட்டாலும் ஒரே பருவத்தில் உரத்தை நிறுத்தினால் என்னவாகும் என்று சொல்லியிருப்பார்கள். 2022 ஜூலையில் நாட்டைவிட்டே ஓடினார். வடக்கு, கிழக்குத் தமிழர்கள் 2019இலேயே பெருவாரியாக அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். 2009இல் போரின் முடிவில் பாதுகாப்புச் செயலாளராக அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு விவாத மேடை தேவைப்படவில்லை.

ஊடகக்காரர்கள் இதைத்தான் கேட்க வேண்டும். முந்தைய பதவியில் உங்களிடம் வேண்டாம் என்று சொன்னவர் யார்? அவர் இப்போது எங்கே இருக்கிறார்? வேட்பாளர் மழுப்பினால் அந்த ஆளைத் தேடிப்போக வேண்டும். ராஜினாமா செய்த அமைச்சர், மாற்றப்பட்ட செயலாளர், ஓரங்கட்டப்பட்ட விஞ்ஞானி, இவர்கள் வாயில் இருக்கிறது வேட்பாளரின் உண்மையான வரலாறு. டிரம்பின் வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலராக இருந்த ஜான் கெல்லி தன் பழைய முதலாளியைப் பற்றி 2024 அக்டோபரில் கடுமையாகப் பேசினார். பைடனுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி அவர் கட்சிக்குள்ளேயே போட்டியிட்ட டீன் பிலிப்ஸைக் கட்சி கண்டுகொள்ளவில்லை. இரண்டு பக்கமும் சேதி இருந்தது. நாம் யாருக்கு நாக்கு குழறியது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பழைய தகடூரான நம் தர்மபுரிக்காரர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. அதியமான் பரிசு தரத் தாமதித்தபோது, எந்தத் திசை போனாலும் சோறு கிடைக்கும் என்று அவன் வாயில்காவலனிடமே சொன்னவள் ஔவை. அப்படிப் பேசக்கூடிய ஒருத்தியைத்தான் அவன் தொண்டைமானிடம் தூது அனுப்பினான்.

அடுத்த வாரம் அந்தத் துண்டுகளை ஓரமாக வையுங்கள். பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு வேட்பாளரையும் விட்டு விலகிப்போனவர்கள் யார், என்ன சொல்லிப் போனார்கள் என்று தேடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் தேடி முடித்திருக்க வேண்டும். அவர்கள் எழுதுவதை எனக்கு அனுப்புங்கள், ஒன்றுவிடாமல் படிக்கிறேன்.

அன்புடன்.