கணவர் எல்லையில் இருக்கும்போது வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லலாமா, மறைக்கலாமா?

சொல்லிவிடுங்கள். உங்கள் கேள்வியைப் பார்த்தால் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும் போல, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

1999 கார்கில் சண்டையில் என் வீட்டுக்காரர் ஆர்டிலரியில், அதாவது பீரங்கிப் படையில் இருந்தார். நாங்கள் வேலூர் பக்கம், தெருவுக்கு நாலு பேர் மிலிட்டரியில் இருக்கிற ஊர். அவர் இருந்தது திராஸ் போர்முனையில் என்பதே பிறகு லீவில் வந்தபோதுதான் எனக்குத் தெரியும். நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கீழே 56 ஏபிஓ என்கிற ராணுவத் தபால் நிலையம், அவ்வளவுதான் முகவரி. பதினைந்து நாள் ஒன்றுமே வராது, அப்புறம் மூன்று இன்லேண்ட் கடிதம் ஒன்றாக வரும், அதிலும் பின்னால் எழுதியதை முதலில் பிரித்துவிடுவேன்.

ஜூன் மாதம் மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. திருச்சி மேஜர் சரவணன் மே 29ஆம் தேதி அதே சண்டையில் பட்டாலிக்கில் இறந்து, உடல் ஜூலையில்தான் ஊர் வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் தபால்காரர் சைக்கிள் நின்றாலே தெருவில் யாருக்கும் பேச்சு வராது. இதில் அவருக்கு இதை வேறு எழுதுவதா என்று, "அத்தை நன்றாக இருக்கிறார்கள்" என்று எழுதினேன். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அவர் யூனிட்டிலேயே இருந்தான், அவன் வீட்டுக் கடிதத்தில் எல்லாம் போய்விட்டது. அவரிடமிருந்து நாலே வரி வந்தது: "அம்மா விழுந்ததை நீ எழுதலை. இனி நீயும் பாப்பாவும் நல்லா இருக்கீங்கன்னு எழுதினா நான் எப்படி நம்புறது?"

அதற்கப்புறம் எதையும் மறைக்கவில்லை. கடிதத்துக்கு நம்பர் போட்டேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால், இப்போது விட்டுவிட்டது என்பதை முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

சண்டையில் இருப்பவர் மனதைக் கலைக்கச் சொல்கிறேன் என்று யாரும் வர வேண்டாம். நாத்தனார் சொன்ன சொல்லையெல்லாம் கொட்டச் சொல்லவில்லை. ஆனால் உடம்பு, பணம், சாவு, இந்த மூன்றையும் அடுத்தவர் வாயால் அவர் கேட்கக் கூடாது.

கேட்காவிட்டாலும் இதையும் சொல்கிறேன். அவருடைய சர்வீஸ் ரெக்கார்டில் உங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். என் பெயரில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவர் காலமான பிறகு குடும்ப பென்ஷனுக்காக மூன்று வருடமாக அலைகிறேன். நீங்கள்தான் அவர் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கவுண்டரில் கேட்கிறார்கள். அவர் கையால் என் பெயர் எழுதி வந்த அறுபத்திரண்டு இன்லேண்ட் என்னிடம் இருக்கிறது, கட்டாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.