பரீட்சை நேரப் பதற்றம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. பொதுத்தேர்வுக்கும் நீட்டுக்கும் படிப்பவர்கள் கேட்டவற்றிலிருந்து நான்கு.

பிளஸ் டூ மாணவி, மதுரை: அக்கா, ராத்திரி 2 மணி வரை படிக்கிறேன், காலையில் ஒன்றுமே ஞாபகம் இல்லை. என்ன ஆச்சு எனக்கு?

உனக்கு ஒன்றும் ஆகவில்லைம்மா, தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். பகலில் படித்தது மனதில் ஊன்றுவதே தூங்கும்போதுதான், அதனால் தூக்கத்தைக் குறைத்தால் படித்த பாடமும் மறந்து போகும். உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. சாயங்காலத்துக்கு மேல் காபியும் வேண்டாம்.

இரண்டாவது முறை நீட் எழுதுபவர், நாமக்கல்: டெஸ்ட் என்றாலே வயிறு கலக்குது, கை வேர்க்குது. மாத்திரை ஏதாவது இருக்கா?

மருந்துக்கடையில் நீயாக எதுவும் வாங்காதே தம்பி. ஆபத்து என்று நினைத்து உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, செரிமானம் தடுமாறுகிறது. 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடு. மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு தணியும். தேர்வு அறையில் முதல்முறையாக முயன்றால் பலிக்காது, இன்றிலிருந்தே தினமும் 5 நிமிடம் பழகு.

ஓர் அம்மா, திருநெல்வேலி: பையன் எப்போதும் போனும் கையுமாக இருக்கிறான். பிடுங்கி வைத்துவிடலாமா?

வேண்டாங்க. அவன் மனசுவிட்டுப் பேசுகிற நண்பர்கள் அதில்தான் இருக்கலாம். ராத்திரி மட்டும் வீட்டில் எல்லோருடைய போனும், உங்களுடையதும்தான், ஹாலில் இருக்கட்டும். இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும்: பொதுத்தேர்வில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது, ஆனால் வீடுகளில் சித்தப்பா பையன் மார்க்கோடு ஒப்பிடுவது மட்டும் நின்றபாடில்லை, என்னிடம் வரும் பிள்ளைகள் அழுதுகொண்டே சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தயங்காமல் கூட்டிப் போங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: ஃபெயிலாகிவிட்டால் உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

இதைச் சொன்னாயே, நல்லது செய்தாய். இப்போது தனியாக இருக்காதே, அம்மாவோ அண்ணனோ டீச்சரோ, யாரிடமாவது இதே வார்த்தைகளில் சொல். 14416-க்குக் கூப்பிடு, அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பாடம் போனால் துணைத்தேர்வு எழுதலாம், ஆனால் அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த நம்பரைப் போடு.