போனில் வரும் டாக்டரும் மாமியாரின் கோபமும்

அன்புள்ள அண்ணா,

திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் கணவர் குடும்பத்தோடு இருக்கிறோம். என் கொழுந்தனுக்கு மனச்சிதைவு நோய். மாதம் ஒரு ஊசி, கூடவே மாத்திரை. இப்போது ஊசிக்கு மட்டும் கிளினிக் போனால் போதும், டாக்டர் போனில் பேசிவிடுகிறார். கொழுந்தனுக்கு அது நிம்மதி. விடியற்காலையில் போய் வரிசையில் உட்கார வேண்டாம், தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டாம். மாமியாரோ கொதிக்கிறார், "மூஞ்சியைப் பார்க்காமல் என்ன வைத்தியம், நம்மைக் கைகழுவி விடுகிறார்கள்" என்று. டாக்டரும் போன தடவை தனக்கும் நேரில் பார்த்தால்தான் திருப்தி என்றாராம். யார் சொல்வது சரி?

ச.

அன்புள்ள ச.,

கடிதத்தில் ஒன்றை நீங்கள் எழுதவில்லை. போன் வரும்போது கொழுந்தன் வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

சாட்ஸ்வொர்த் வீடுகள் உங்களுக்குத் தெரியும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் பேரில் 1960களில் நம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம், ஒட்டு வீடுகள், ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். அடுத்த வீட்டில் கடுகு தாளித்தால் இங்கே தும்மல் வரும். அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து ஒருவர் "எனக்குக் குரல் கேட்கிறது, என் அம்மாவையே சந்தேகப்படச் சொல்கிறது" என்று எப்படிச் சொல்வார்?

என் அக்காவுக்கு இருமுனை நோய், மனம் ஒரேயடியாகப் பொங்கும், ஒரேயடியாகத் தாழும். அதற்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறாள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவளுடைய மருத்துவமனையும் போனுக்கு மாறியது. மனநல விஷயத்தில் முன்பின் பார்க்காத நோயாளியிடமும் தொலைவிலிருந்து பேசலாம் என்று இங்குள்ள மருத்துவக் கவுன்சில் அப்போதுதான் வழி திறந்துவிட்டிருந்தது. போன் வந்த அன்று அக்கா சமையலறையில் நின்றாள், அம்மா இரண்டடி தள்ளிப் பருப்பு களைந்துகொண்டிருந்தாள். "நல்லா இருக்கேன் டாக்டர், நல்லாத் தூங்குறேன்." நாலு நாளாகக் கண் மூடாமல் நடுராத்திரியில் அலமாரியெல்லாம் இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தவள் சொன்ன பதில் அது. ஆறு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. இரண்டு வாரத்தில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. பிறகு யோசித்தால், ஆஸ்பத்திரியில் என்றால் அவர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லியிருப்பார். அறையில் யார் இருக்கலாம் என்பதை அங்கே டாக்டர் முடிவுசெய்கிறார், போனில் அதை வீடு முடிவுசெய்துவிடுகிறது. அதற்கப்புறம் அக்கா முற்றத்து மாமரத்தடியில் நிற்கும் காருக்குள் போய் மனநல ஆலோசகரிடம் பேச ஆரம்பித்தாள். பிப்ரவரிப் புழுக்கத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை ஸ்டியரிங்மேல் சாய்த்துவைத்து, நைட்டி முதுகோடு ஒட்ட ஒட்ட முக்கால் மணி நேரம். மின்வெட்டு நேரத்தில் டவரும் போய்விடும், லைன் அறுந்தால் யார் திரும்பக் கூப்பிடுவது என்று அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம். ஆலோசகரிடம் வாழ்க்கையில் சொல்லாததையெல்லாம் அந்தக் காரில்தான் சொன்னேன் என்கிறாள். அதனால் போன் வைத்தியமே மோசம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

உங்கள் டாக்டர் சொல்லும் குறையும் நிஜமானது. மனச்சிதைவு மாத்திரை சாப்பிடுபவரின் கை நடுங்குகிறதா, நடை இறுகியிருக்கிறதா, குளித்திருக்கிறாரா என்பதெல்லாம் கதவைத் திறந்து உள்ளே வரும் அந்தப் பத்தடியிலேயே தெரிந்துவிடும். மௌனம் இன்னொன்று. நேரில் நோயாளி பேசாமல் இருந்தால் டாக்டர் காத்திருப்பார். போனில் இரண்டு நொடி சத்தமில்லை என்றால் "ஹலோ, ஹலோ" என்றுதான் வாய் வரும், வரவிருந்த வார்த்தை போய்விடும். வீடியோவில் இந்தக் குறை பாதி தீரும், டேட்டா விலைதான் இடிக்கும். லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையை எந்தப் போனும் செய்யாது.

இனி மாமியார். அவர் கோபத்தைப் பழைய காலத்து ஆள் என்று தள்ளாதீர்கள். கௌடெங் மாகாணத்தில் லைஃப் எசிதிமெனி என்ற தனியார் மனநல மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளை வெளியேற்றி, தகுதியில்லாத இடங்களுக்கு அனுப்பி, 144 பேர் செத்துப்போனது 2016ஐ ஒட்டி. செலவு மிச்சம் என்ற பெயரில் நடந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. அந்தச் செய்தியை டிவியில் பார்த்த ஒரு தாய், "இனி வர வேண்டாம், போனில் பேசிக்கலாம்" என்று கேட்டால் என்ன நினைப்பாள்?

அதோடு, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருக்கு ஒரு நிமிடம் கிடைத்திருக்கும். மகன் மருந்து வாங்கப் போனபோது டாக்டரையோ சிஸ்டரையோ மடக்கி, "சாப்பாட்டை முகர்ந்து பார்த்துட்டுத்தான் சாப்பிடுறான்" என்று சொல்லும் ஒரு நிமிடம். போனுக்கு வராந்தா கிடையாது. நம் தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே, சிகிச்சையை மறுக்கிற நிலையில் இருப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கக் குடும்பத்தார் மனுக் கொடுத்தால், முந்தைய 7 நாளுக்குள் அவரைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறது. வீட்டு ஆள் கண்ணால் பார்த்ததற்குச் சட்டம் அவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறது. கிளினிக்கும் வைக்கட்டும்.

ஆகவே ஊசி போடப் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். கொழுந்தன் சம்மதித்தால், மாமியாரிடம் தனியாகப் பேச டாக்டர் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும், ஊசி நாளன்றே வைத்தால் இரண்டு அலைச்சல் இல்லை. போனை எடுத்ததும் டாக்டர் "இப்போ தாராளமாப் பேச முடியுமா" என்று கேட்க வேண்டும், கொழுந்தன் ஆம் அல்லது இல்லை என்றால் போதும். நடுராத்திரியில் நிலைமை கைமீறினால் 0800 567 567, தற்கொலைத் தடுப்பு உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஃபிரிட்ஜ்மேல் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்த போன் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், பிள்ளைகளையும்தான். வீட்டுச் சாவி கொழுந்தன் கையில் இருக்கட்டும்.