பிளஸ் டூவில் ஆசிரியர்களிடம் நன்றாகப் பழகுவது எப்படி?

இயற்பியல், வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். அந்தப் பத்துக்காகத்தான் பலர் குழைகிறார்கள். ஆசிரியர்களுக்கு அது சட்டென்று தெரிந்துவிடும்.

உண்மையான பழக்கம் சந்தேகம் கேட்பதில் தொடங்குகிறது. "சார், ஒண்ணுமே புரியல" என்றால் அவர் எங்கிருந்து ஆரம்பிப்பார்? கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு, "மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன் சார், இங்க குறி ஏன் மாறுது?" என்று நோட்டோடு போங்கள். அப்புறம் விடை சரியாக வந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறோம், நானும்தான். ரெக்கார்டு நோட்டு தாமதமாகும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வகுப்பில் திட்டினால் அங்கேயே வாதாட வேண்டாம். இடைவேளையில் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ப் பேசினால் பாதி விஷயம் சரியாகிவிடும்.